ஜட்ஜுக்கு ஒரு வீடு

குழிக்குள் இறங்கி வேலை செய்வது லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புதிதல்ல. பதினாறு வருஷத்தில் லிஃப்ட் குழிகளிலிருந்து அவன் பொறுக்கி எடுத்த சாமான்கள் ஒன்றா இரண்டா? சாவிக்கொத்து, ஒற்றைச் செருப்பு, கல்யாண மோதிரம், ஒரு தடவை முழுப் பல்செட்டு. ஆனால் குழிக்குள் நிற்கும்போது குறட்டைச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அது எட்டு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் பெட்டியை இரண்டாம் மாடியில் நிறுத்திப் பூட்டிவிட்டு, அடித்தளத்துக் குழியில் தேங்கியிருந்த தண்ணீரை வாளியால் மொண்டு கொட்டிக்கொண்டிருந்தான். யாரோ குடித்துவிட்டுப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார்கள் என்றுதான் நினைத்தான். ஏறி வந்து பார்த்தால் ஆள் அரவமே இல்லை. சத்தம் பூட்டிக் கிடந்த சாமான் அறையிலிருந்து வந்தது.

வாட்ச்மேன் சாவியோடு வந்தான். "அஞ்சாவது மாடிக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கண்ணே. கொஞ்சம் சாமான் இருக்கு, அப்புறமா ஆள் அனுப்பி எடுத்துக்கறோம்னு சொன்னாங்க."

"போயி எத்தனை நாளாச்சு?"

"பத்து நாள் இருக்கும்."

கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனான். கால் உடைந்த சோபா, கட்டி வைத்த பாய்கள், ஒரு பழைய குளிர்பெட்டி. இந்தச் சாமான்களோடு சாமானாக ஒரு புல்டாக். தீனிப் பை கிழிந்து காலியாகக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஒரு பொட்டு ஈரமில்லை. சுவரில் கசிந்த ஈரத்தை நக்கித்தான் அது உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதன் நாக்கு எட்டிய உயரம் வரைக்கும் சுவரில் சுண்ணாம்பே இல்லை.

அது குரைக்கவில்லை. வாலாட்ட வேண்டுமென்றால் வால் என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. மெதுவாக எழுந்து வந்து அவனுடைய பூட்ஸ் மேல் தாடையை வைத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. நின்ற நிலையிலேயே தூங்கிப்போனது.

காலி பண்ணிப் போனவர்களின் நம்பருக்கு அங்கேயே நின்று போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள். நாய் என்ற சொல்லைக் கேட்டதும், "இங்க அப்படி யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை.

"ரெண்டே நாள்" என்று சொல்லித்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். எதையும் ஒரு தடவை தூரத்திலும் ஒரு தடவை கிட்டத்திலும் பார்ப்பது அவள் வழக்கம். நாயையும் அப்படியே பார்த்தாள். தொங்கிய கன்னம், சுருக்கம் விழுந்த நெற்றி, யாரையும் நம்பாத கண்.

"இது என்னங்க, தீர்ப்பு சொல்ல வந்த மாதிரி உக்காந்திருக்கு?"

அவ்வளவுதான். எட்டு வயது மகள் அந்த நிமிஷமே அதற்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, பையைக் கழற்றாமலேயே அதன் முன்னால் நின்று, "ஜட்ஜய்யா, கணக்கு மிஸ் இன்னைக்கு சும்மா சும்மா திட்டினாங்க. என்ன தண்டனை குடுக்கலாம்?" என்று கேட்பாள். ஜட்ஜ் கொட்டாவி விடும். "தூக்கா? அவ்வளவு வேணாம்யா" என்பாள்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மகளுக்கு மூன்று வயதிலிருந்து இளைப்பு உண்டு. நெஞ்சுக்குள் விசில் அடிக்கும், உதடு வெளுக்கும், இன்ஹேலர் பஃப் அடித்தால் அரைமணியில் அடங்கும். ஜட்ஜுக்கோ பிறவியிலேயே மூச்சு மட்டு. மூக்குத் துளை இரண்டும் பேனாவால் கீறிய கோடு மாதிரி இருந்தன. வீட்டில் இப்போது இழுப்பவர்கள் இரண்டு பேர். சமையலறையில் நிற்கும் மனைவிக்குக் கூடத்திலிருந்து இழுப்புச் சத்தம் கேட்டால், அது மகளா நாயா என்று புரியாமல் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடினாள். அந்த மாதத்தில் மகளுக்கு நான்கு தடவை வந்துவிட்டது. வழக்கமாக ஒரு தடவைதான் வரும்.

நெஞ்சு டாக்டர் ஸ்டெத்தைக் காதிலிருந்து எடுத்தபடி, "வீட்ல பிராணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் மகள், பெரியவர்கள் வாயைத் திறக்கும் முன்னால்.

"இருக்கு டாக்டர். நாய்" என்றாள் மனைவி.

"அப்ப முதல்ல அதை வெளிய அனுப்புங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்."

வீடு வரும்வரை மகள் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. மனைவி அவனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீங்க நல்லவரு, கொண்டாந்தீங்க. நான் கெட்டவ, அனுப்பறேன். அப்படித்தானே?"

வீடு தேடும் படலம் அப்படித்தான் தொடங்கியது. ஊர்க்கோடியில் இருந்த நாய்க்காப்பகத்தில் நாற்பது நாய்க்குத்தான் இடம், எழுபத்தொன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த பெண், ஜட்ஜின் காதைத் தடவிக்கொண்டே, "எங்க வைக்கச் சொல்றீங்க, என் தலை மேலயா?" என்று கேட்டாள். கோபமில்லை, களைப்புத்தான். கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டான். ஒருவனுக்கு மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஒருவனுக்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், இன்னொருவன் நாய் என்றாலே நாலு தெரு தள்ளிப் போகிறவன். பிறகு மகளே ஜட்ஜைப் படமெடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டு, "நல்ல வீடு வேண்டும்" என்று எழுதி, தான் லிஃப்ட் பார்க்கப் போகிற கட்டடங்களில் எல்லாம் ஒட்டினான்.

முதலில் வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. மெத்தை, விரிப்பு, பெயர் பொறித்த கழுத்துப்பட்டை எல்லாம் வாங்கிக்கொண்டே வந்தார்கள். மகள் அழாமல் கையசைத்து அனுப்பினாள். நாலாம் நாள் அதே மெத்தையோடு திரும்பி வந்து நின்றார்கள்.

"ரொம்ப நல்ல நாய்ங்க. ஆனா நாலு நாளா கண்ணை மூடல" என்றான் அந்தப் பையன். அவன் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு, "போட்டோல சத்தம் தெரியலைங்க" என்றாள்.

அடுத்து வந்தவர் பெரிய காரில் வந்தார். ஜட்ஜின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து அடிவயிற்றைத்தான் பார்த்தார்.

"ஆபரேஷன் எதுவும் பண்ணிடலையே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்கிட்ட நாலு பொட்டை இருக்கு. இந்த ஜாதிக்குக் குட்டி ஒண்ணொண்ணும் என்ன வெலை போகுது தெரியுமா?"

"பண்ணியாச்சு" என்று கூசாமல் பொய் சொன்னான் மெக்கானிக். வந்தவர் வாசல் கதவைச் சாத்தாமலே போனார்.

பிறகு ஒரு மாதம் போன் வரவில்லை. ஜட்ஜைப் பால்கனியில் கட்டினார்கள். கதவுக்கு உள்ளே மகளும் வெளியே ஜட்ஜுமாகக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆவி படியும். மனைவி அதைப் பார்க்கப் பொறுக்காமல் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் டைப்பிஸ்ட் அம்மா வந்தார்கள். கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விரல் பத்தும் மூட்டு வீங்கியிருந்தன. நாயின் பெயரைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"முப்பத்தோரு வருஷம் ஜட்ஜுங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சேன் தம்பி. இனிமே நான் சொல்றதை ஒரு ஜட்ஜ் உக்காந்து கேக்கட்டும்."

குறட்டையைச் சொன்னான். "ஹியரிங்ல எத்தனை பேரு குறட்டை விட்டுப் பாத்திருக்கேன்" என்றார்கள். மூச்சு விஷயத்தைச் சொன்னான். படியேற முடியாது, வெயில் ஆகாது, முகச் சுருக்கத்தைத் தினம் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். படியென்று சொன்னபோது மட்டும் முகம் வாடிப்போனது. அவர்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடி இரண்டு வருஷமாகிறது. ரிப்பேர் செய்யலாமா வேண்டாமா என்று குடியிருப்பவர்களுக்குள் ஒத்துவராமல் ஆறப்போட்டு விட்டார்களாம்.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு உடம்பில் தெம்பு வந்தது. "லிஃப்ட்டை எங்கிட்ட விடுங்கம்மா" என்றான்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. மெஷின் ரூமில் புறா கூடு கட்டியிருந்தது. பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால் எலி ஒயரை ஒட்ட அரித்திருந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட பாகங்களை ஸ்டோர்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தான். இரண்டு நாள் மனைவியும் கூட வந்து டார்ச் பிடித்தாள். கட்டடத்துக்காரர்கள் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்து, "சும்மாவா செய்யறீங்க? நெஜமாவா?" என்று ஆளுக்கொரு தரம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாம் ஞாயிறு மத்தியானம் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது. நாலாம் மாடியில் ஊன்றுகோலோடு இருந்த ஒருவர் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தெருவைப் பார்த்தார். கீழே வந்து நின்று, எங்கே போவதென்று தெரியாமல் சிரித்தார்.

ஜட்ஜ் தன் மெத்தையோடு மூன்றாம் மாடிக்குப் போனது. டைப்பிஸ்ட் அம்மா தினமும் ஒரு படம் அனுப்பினார்கள். ஜன்னலோரத்தில் ஜட்ஜ், மேஜைக்கடியில் ஜட்ஜ், டைப்பிங் மெஷின் பக்கத்தில் தலையைச் சாய்த்தபடி ஜட்ஜ். மகள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். மூன்று வாரம் மெக்கானிக் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

நாலாம் வாரம் கட்டட செக்ரட்டரி லிஃப்ட் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். லிஃப்ட்டில் பிராணிகளை ஏற்றக்கூடாது. தரையில் எச்சில் வழிகிறது, முடி கொட்டுகிறது, குழந்தைகள் பயப்படுகிறார்கள். பதினோரு வீட்டுக்காரர்களில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

டைப்பிஸ்ட் அம்மா நேரே போய்க் கேட்டார்கள். "சார், இந்த லிஃப்ட் ஓடறதே அந்த நாயாலதான்."

"அதுக்கு ரொம்ப நன்றிம்மா. ஆனா லிஃப்ட்டு மனுஷங்களுக்குத்தானே போட்டிருக்கு? எட்டுப் பேரு சொன்னப்புறம் நான் ஒருத்தன் என்ன பண்றது?"

அந்த அம்மா மெக்கானிக்கிடம் இதைச் சொல்லவில்லை. அவன் பட்ட பாட்டுக்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, படியிலேயே ஜட்ஜை இறக்கி ஏற்றினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, விசிறி, தண்ணீர் காட்டி. ஆறு நாள் இப்படிப் போனது. ஏழாம் நாள் ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஜட்ஜ் கால் பரப்பி விழுந்தது. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. இருபத்தாறு கிலோவை அந்தக் கைகளால் அசைக்கக்கூட முடியவில்லை. படியில் உட்கார்ந்து போனில், "தம்பி, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு பேர் அவர்களைத் தாண்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மெக்கானிக் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஜட்ஜைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனான். அந்த டாக்டரம்மா ஆக்ஸிஜன் குழாயை நாயின் மூக்கில் வைத்துவிட்டு, வெகுநேரம் நெஞ்சைக் கேட்டாள்.

"தொண்டைச் சதை வீங்கி மூச்சுக்குழாயை அடைக்குது. இதயமும் பெருசாயிருக்கு. ஆபரேஷன் பண்ணலாம்னு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காது. பண்ணலைன்னா இப்படித்தான், ஒவ்வொரு மூச்சையும் சண்டை போட்டு வாங்கணும்."

"வேற வீடு தேடிடறேன் டாக்டர். தரைத்தளமா, படியில்லாம..."

"வீடு கெடச்சா அந்த வீட்டுல சாகும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அவளுக்கே மனசு கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி, குரலைத் தணித்தாள். "வீடு தேடறதை நிறுத்துங்க. அது வலியில இருக்கு. ரெண்டு மூணு நாள் மருந்து தரேன். யோசிச்சுட்டு வாங்க. ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

ஜட்ஜை வீட்டுப் பால்கனியில் விட்டுவிட்டு, மெத்தையை எடுத்துவர டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக்குப் போனான். லிஃப்ட் கதவுக் காகிதத்தையும் எட்டுக் கையெழுத்தையும் பற்றி அவர்கள் அப்போதுதான் சொன்னார்கள். "நான் கோர்ட்ல இத்தனை வருஷம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு வாயில்லா ஜீவனுக்கு வாதாடத் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் கீழே இறங்குவதற்குப் பதிலாக மெஷின் ரூமுக்கு ஏறினான். மெயின் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுத்துவிட்டு ஒரே ஒரு ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். எட்டுப் பேரும் நாளையிலிருந்து நடக்கட்டும். கையை வைத்துவிட்டான். அதற்குள் மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றியது. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஊன்றுகோல்காரர் வாசலுக்கு வந்து, வெயிலில் ஒரு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்ட எட்டுப் பேரில் அவரும் ஒருவரா என்று அவனுக்குத் தெரியாது. கையை எடுத்துக்கொண்டு படி வழியாகவே இறங்கினான்.

வீட்டில் மனைவியிடம் வைத்தியர் சொன்னதைச் சொன்னான். அவள் மகளின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்து, தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். வந்ததும், "அந்தப் பால்கனிக் கதவைத் திறங்க. ரெண்டு நாளோ மூணு நாளோ, உள்ளயே இருக்கட்டும்" என்றாள்.

மூன்று நாள் இருந்தது. அவள் கடைக்கு லீவு போட்டாள். பஞ்சை நனைத்து, கண்ணாடி துடைக்கும் அதே பதத்தில், ஜட்ஜின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றையும் பிரித்துத் துடைத்தாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விரலால் ஊட்டினாள். முதல் நாள் சாப்பிட்டது. இரண்டாம் நாள் பாலை மட்டும் நக்கியது. மூன்றாம் நாள் வாயைத் திறந்தபடி, முன்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, படுக்கவே பயந்து உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று அதற்கே தெரிந்திருந்தது. தூக்கத்தில் தலை சரியும், திடுக்கிட்டு நிமிரும். அதைப் பார்த்துக்கொண்டே, "போதுங்க. கூட்டிட்டுப் போலாம்" என்றாள் மனைவி.

வைத்தியரின் மேஜையில் ஜட்ஜின் தலையை அவள்தான் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் பின்னங்காலைப் பிடித்திருந்தான். ஊசி ஏற ஏற அந்த உடம்பு முதல் தடவையாக இறுக்கம் விட்டுத் தளர்ந்தது. குறட்டை இரண்டு தடவை வந்தது. மூன்றாவது வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார்கள். காலி மெத்தை அவன் மடியில் சுருட்டி இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் மனைவி. "நேத்து தங்கச்சி போன் பண்ணா. பாப்பாவுக்கு அங்கயும் இளைப்பு வந்திருக்கு. ரெண்டு தடவை. அங்க நாயும் இல்ல, பூனையும் இல்ல."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அது மூச்சு விடுறதைப் பாத்தீங்கல்ல?" அவள் மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, அந்தப் படியை ஏறியிருக்காதுல்ல? நம்ம கூடத்துலயே கெடந்திருக்கும்ல? அதைத்தான் நேத்துலேர்ந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் சொன்னதைத்தானே செய்தோம் என்று சொல்லத் தொடங்கினான். பாதியில் விட்டுவிட்டான். மூன்றாவது பஸ் வந்தது. ஏறினார்கள்.

நல்ல வீடு கிடைத்துவிட்டது என்று மகளிடம் சொல்லலாம் என்பதுதான் வழியில் பேசி வைத்த பேச்சு. தோட்டம் இருக்கிற வீடு, தூரத்து ஊர். மறுநாள் சித்தி கொண்டுவந்து விட்டதும், மகள் நேரே பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்பா முன்னால் நின்றாள். மூச்சு லேசாக விசிலடித்துக்கொண்டிருந்தது.

"ஜட்ஜ் எங்கப்பா?"

பேசி வைத்த வார்த்தை எதுவும் அவன் வாயில் வரவில்லை. "செத்துப்போச்சும்மா" என்றான்.

அவள் அழவில்லை. அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வீடே கெடைக்கலையா?"

"எவ்வளவோ தேடினேம்மா. கெடைக்கல."

"நம்ம வீடு இருந்துச்சேப்பா" என்றாள்.

சமையலறையிலிருந்து மனைவி பஃப்பைக் குலுக்கிக்கொண்டே வந்து மகள் வாயில் வைத்தாள். மகள் கண்ணை மூடி இழுத்தாள். அடக்கினாள். விட்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவன் அவளை மடியில் உட்கார்த்தி முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த விசில் அடங்க அன்றைக்கு வெகுநேரமானது.